மறு: ஃபார்ம்ஸ்டெட் – பண்ணைவீடு வேணாம், காட்டுக்கொட்டாய் இருக்கே

எல்லாருக்கும் வணக்கம். நாலு நாளா இந்த இழையப் படிச்சிட்டேதான் இருந்தேன், மக்காச்சோளம் அறுப்பு நடக்கறதால உக்காந்து டைப் பண்ண நேரமில்ல. தம்பி கேட்டது புள்ளைங்க புத்தகத்துல வர்ற ஒரு படத்துக்கு. அமெரிக்காவுல மாடும் தானியமும் வச்சிருக்கற ஒரு குடும்பத்தோட பண்ணை, மேலருந்து பாக்கற மாதிரி வரைஞ்சது, வீடு, செவப்பா பெரிய பார்ன் (மாடும் காஞ்ச புல்லும் இருக்கற கட்டடம்), ரெண்டு சைலோ (தீனி அடைச்சு வைக்கற ஒசரமான கூண்டு), தானியம் கொட்டற வட்ட டின்னு, டிராக்டர் நிக்கற ஷெட்டு, எல்லாம் ஒரே வளைப்புக்குள்ள. அந்த மொத்த இடத்தத்தான் இங்கிலீஷ்ல ஃபார்ம்ஸ்டெட்ங்கறாங்க, அதுக்குத் தமிழ்ல ஒரே சொல்லு வேணும், அதான கேள்வி?

> பண்ணைவீடுன்னு போட்டா போதாதா அண்ணே?

ஈசிஆர்ல மரக்காணத்துலருந்து புதுச்சேரி வரைக்கும் ஒருக்கா வண்டியில போயி போர்டெல்லாம் படிச்சிட்டு வா தம்பி. பண்ணைவீடுன்னா நீச்சல்குளம், ஏசி ரூம், நாள் வாடகை. சாணி வாடையே கிடையாது. அதுவுமில்லாம அந்தச் சொல்லு வீட்ட மட்டுந்தான் சொல்லுது, மாடு எங்க கட்டறது, வைக்க எங்க போடறது, ஒண்ணும் அதுக்குள்ள வரல.

> மனைப்படப்பு என்பதே பொருத்தம். சோழர் செப்பேடுகளில் உள்ளது.

ஐயா சொன்ன சான்று பலமானதுதான். மனைப்படப்புன்னா வீட்ட ஒட்டின தோட்டம். "மனையும் மனைப்படப்பும் மன்றும் கன்றுமேய்பாழும்"னு வரிசையா வந்து, "குளமும் கொட்டகாரமும்"னு போவும். கொட்டகாரம்னா நெல்லு வைக்கற இடம். நிலத்தக் குடுக்கறப்ப ஒண்ணு விடாம எழுதி வச்சிருக்காங்க, இப்ப கிரயப் பத்திரத்துல கெணறு மோட்டாரு மரம் மட்ட எல்லாம் சேத்து எழுதறாங்களே அது மாதிரி. ஆனா ஐயா, படப்புன்னா தெக்கத்திக்காரங்களுக்கு வைக்கப்போரு. படப்பைன்னா தாம்பரத்துக்கு அந்தாண்ட இருக்கற ஊரு, சென்னைக்காரங்களுக்கு பிளாட்டு விளம்பரம்தான் ஞாபகம் வரும். கல்வெட்டுலருந்து எழுப்பிக் கொண்டாந்தாலும் அது யார் வாயிலயும் நிக்காது, அடிக்குறிப்புலயே கெடக்கும்.

எனக்கு இதுல வேற ஒண்ணு தோணுது. நம்ம பக்கம் இதுக்குச் சொல்லு தட்டுப்படலன்னா அந்தப் பொருளே நமக்கு ஒரே இடத்துல இல்லங்கறதுதான் காரணம். பாகூர் பக்கம் பாருங்க, ஏரிப்பாசனம், கழனி ஊரச் சுத்தி, வீடு தெருவுக்குள்ள, மாடு வீட்டுக்குப் பின்னால தோட்டத்துல, களம் ஊருக்கு வெளிய மேட்டுல, குப்பக்குழி இன்னொரு மூலையில. ஒரு குடும்பத்துப் பண்ணையே நாலு எடத்துல செதறிக் கெடக்கு, அதுக்கு ஒத்தச் சொல்லு எப்படி வரும்?

ஆனா மேற்கால விருத்தாசலம் வேப்பூர் தாண்டி கள்ளக்குறிச்சி வரைக்கும் போனீங்கன்னா கதை வேற. அங்க கெணத்துப் பாசனம். கெணறு இருக்கற எடத்துக்கே மனுசன் குடிபோயிட்டான், மாட்டையும் ஓட்டிக்கிட்டுப் போயிட்டான். அதுக்குப் பேரு காட்டுக்கொட்டாய். "அவங்க ஊர்ல இல்லீங்க, கொட்டாய்ல இருக்காங்க"ன்னு சொன்னா அங்க எல்லாருக்கும் புரியும், வீடு மாடு களம் வைக்கப்போரு மோட்டாரு எல்லாம் சேந்த எடம்னு. தருமபுரி பக்கம் குக்கிராமத்துக்கே கொட்டாய்னு முடியற பேரு நெறைய இருக்கு. இதவிட என்ன வேணும்?

எங்க தாத்தா கொட்டாய் இந்த மாதிரிதான், வேப்பூருக்குப் போற வழியில. மாட்டுக்கொட்டாயோட நீளம் கெழக்கு மேற்கா இருக்கும், வெயில் உள்ள எறங்காது. இப்ப பசுவுக்கு நிழல்ல மூணரை சதுர மீட்டர், வெளிய ஒலாத்த ஏழு சதுர மீட்டர்னு கணக்கு சொல்றாங்க, தாத்தா கணக்கு மாடு படுத்து திரும்பினா பக்கத்து மாட்ட இடிக்கக்கூடாதுங்கறது. தர பின்பக்கமா லேசா சாஞ்சிருக்கும், மூத்திரம் ஓடி குப்பக்குழியில விழும். முன்னால நீளமா தீனி போடற கவணை. வைக்கப்போரு மேற்கால ஒரு அம்பது தப்படி தள்ளி, ஏன்னா கோடையில மேலக்காத்து, அடுப்புப் பொறி கெழக்கதான் பறக்கும். மல்லாட்ட (வேர்க்கடலை) காயற களமும் மேற்காலயேதான். நாங்க படுக்கற அறைக்கும் மாட்டுக்கொட்டாய்க்கும் நடுச்சுவத்துல ஒரு சொம்பு நுழையற அளவு ஓட்ட இருக்கும். ஆயா ராத்திரியில எந்திரிக்காமலே அது வழியா டார்ச் அடிச்சி சென மாடு எப்படி நிக்குதுன்னு பாக்கும். அந்த ஓட்டய எலி வருதுன்னு துணி வச்சி நான் அடச்சதுக்கு வாங்கின அடி இன்னும் ஞாபகம் இருக்கு. 2011 டிசம்பர் 30ல தானே புயல் வந்தப்ப கீத்து மொத்தமும் போயி சுவரு மட்டும் நின்னுச்சு, அப்புறம் தகர ஷீட்டு போட்டாங்க, ஓட்டய மட்டும் பூசல.

வீடும் தொழுவமும் ஒரே மூச்சுல இருக்கறதுதான் விசயம், அந்த அமெரிக்கப் படத்துலயும் அதேதான். அதனால என் ஓட்டு காட்டுக்கொட்டாய்.

> கொட்டாய் கொச்சை வழக்கு. கொட்டகை என்றாவது திருத்துங்கள். அதுவும் தமிழ்தானா என்பது ஐயம்.

ஐயா, கொட்டகைய வடமொழி கோஷ்டத்தோட சேக்கறவங்களும் உண்டு, நம்ம கொட்டிலோட சேக்கறவங்களும் உண்டு, அந்தச் சண்டைய இங்க தீக்க முடியாது. ஆனா திருத்திக் கொட்டகைன்னு எழுதினா பந்தலும் சினிமாவும்தான் கண்ணுக்கு வருது, குடியிருக்கற எடம் வரல. அந்த அர்த்தம் கொட்டாய்ங்கற உருவத்துலதான் ஒட்டிக்கிட்டிருக்கு. கொச்சைன்னு தள்ளினா அர்த்தமும் சேந்து போயிடும்.

அடுத்து பார்ன். அத மாட்டுக்கொட்டாய்னு போட்டா பாதிதான் சரி, ஏன்னா கீழ மாடு, மேல மச்சுல காஞ்ச புல்லு, சில எடத்துல மேட்டுச் சரிவுல கட்டி மேல்தளத்துக்கே வண்டிய ஓட்டிட்டுப் போவாங்க. மேல சாமான் போடற எடத்துக்கு நமக்கு பரண்னு சொல்லு இருக்கு, அதனால பரண்கொட்டாய். ஒலி ஒத்துப்போவுதேன்னு பார்ன்ங்கறதே பரண்லருந்து போனதுதான்னு தயவுசெஞ்சி யாரும் கெளம்பிடாதீங்க, அது பழைய ஆங்கிலத்துல பார்லி வைக்கற வீடுங்கற ரெண்டு சொல்லு சேந்து தேஞ்சது.

சைலோவுலதான் எல்லாரும் வழுக்கறீங்க. குதிர், தொம்பை, சேர், களஞ்சியம்னு போட்டிருக்கீங்க, எல்லாம் காஞ்ச தானியத்துக்கு. குதிர் மண்ணு உறைய ஒண்ணுமேல ஒண்ணு வச்சி அடுக்கினது, தொம்பை மூங்கில பின்னி சாணி மெழுகினது, சேர் வைக்கப்பிரி சுத்தினது. நெல்லுக்கு ஈரமே ஆவாது, கொள்முதல்ல 17 சதம் தாண்டினாலே மூட்டய ஓரங்கட்டிடறாங்க. பண்ணையில நிக்கற உயரமான சைலோவுல இருக்கறது பச்சையா வெட்டி நறுக்கின மக்காச்சோளத் தட்டு, சுமாரா 65 சதம் ஈரத்தோட, காத்து புகாம அழுத்தி, புளிக்க வச்சது. ஒண்ணு காயணும், ஒண்ணு ஊறணும். ரெண்டுக்கும் அவங்க சைலோன்னே சொல்றது அவங்க கொழப்பம், அத நாம ஏன் எறக்குமதி பண்ணணும்?

காஞ்சதுக்கு, அதாவது அந்த வட்ட டின்னுக்கு, கூடு. பெரும்பாணாற்றுப்படையில "குமரி மூத்த கூடு ஓங்கு நல் இல்"னு உழவர் வீடு வருது. ஏணி எட்டாத ஒசரம், மேல முகட்டத் தொறந்து பழைய தானியத்தக் கொட்டி வச்சது. அதுக்கும் முந்தின அடிகள்ல கன்னுக்குட்டி தாம்புல கட்டிக் கெடக்கு. தம்பி அனுப்பின படத்துல பாதி அங்கயே இருக்கு. அதனால தானியக்கூடு.

ஊறினதுக்கு, கால்நடைத் துறையில ஊறுகாய்ப்புல்லுன்னு சொல்றாங்க, நல்ல சொல்லு. ஒருத்தர் தீனி ஊறல்னு சொன்னாரு, கடலூர் மாவட்டத்துல ஊறல்னா போலீசு வந்து கவுக்கற சாராய சமாச்சாரம், வேணாம். ஊறுதீனிக்கூடுன்னு வைக்கலாம்.

மக்காச்சோளக் கதிரு காயப்போடற சந்துவச்ச மரக்கூண்டு ஒண்ணும் ஓரமா இருக்கு படத்துல, அதுக்கு பட்டறை. பெரம்பலூர்ப் பக்கம் சின்ன வெங்காயத்த காத்தாட இப்படித்தான் பட்டறை போடுவாங்க. சோளப்பட்டறை.

——

அண்ணே வணக்கம். பரண்கொட்டாய் ரொம்பப் புடிச்சிருக்கு, வரைஞ்சவங்களுக்கும் அனுப்பிட்டேன். ஒரே சந்தேகம், காட்டுக்கொட்டாய்னா எங்க பாகூர்ப் புள்ளைங்க காடுன்னதும் புலி கரடின்னு நெனைக்கும். எங்க ஆயாகிட்டயே கேட்டேன், "காட்டுல யாருடா மாடு கட்டுவா"ங்குது. கழனிக்கொட்டாய்னு மாத்தலாமா? அப்புறம் கொல்லக்கொட்டாய்னு கூட ஒரு அக்கா தனியா எழுதியிருந்தாங்க.

——

தம்பி, கொல்ல வேண்டவே வேண்டாம், எங்களுக்கு அது புஞ்ச நெலம், தஞ்சாவூர்க்காரனுக்கு வீட்டுப் பின்பக்கம், கொல்லக்கொட்டாய்னா அவன் கக்கூசுன்னு நெனச்சுப்பான். கழனிக்கொட்டாயும் சரியா வராது, தண்ணி நிக்கற கழனிக்குள்ள யாரு கொட்டாய் போடுவா? காடுன்னா மானாவாரி நெலம்னு கோயமுத்தூர்லருந்து தூத்துக்குடி வரைக்கும் புரியும், நம்ம கடலோரத்துக்குத்தான் புரியாது. மொதப் பக்கத்துல "ஊருக்கு வெளிய நெலத்துலயே வீடும் மாடும் களமுமா இருக்கற எடம்"னு ஒரு வரி போட்டுடு. ஆயாவ ஒருநா கூட்டிட்டு வா, எங்க கொட்டாயக் காட்டறேன்.

டிராக்டர் ஷெட்டுக்கு வண்டியகம்னு போட்டிருக்கறதப் பாத்தேன். ஷெட்டுன்னே வுட்டுடு.