இரவில் உறங்க மறுக்கும் தரவுத்தளம்: உதவி வேண்டும்

அண்ணாமார், அக்காமார், வணக்கம். நெடுந்தீவில் எங்கள் சனசமூக நிலைய நூலகத்தின் தரவுத்தளம் இரண்டு சிறிய கணினிகளில் ஓடுகிறது. ஒன்று முதன்மை, மற்றது அதன் நகல். இரண்டுக்கும் சூரிய மின்சாரமும் ஒரே பற்றரியும்தான். மாலை ஆறு மணிக்குப் பிறகு ஒருவரும் தொடுவதில்லை, ஆனாலும் விடியும்போது பற்றரி இறங்கிக் கிடக்கிறது. புதிது வாங்கினால் குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து படகில்தான் கொண்டுவர வேண்டும்.

மின் செலவைக் காட்டும் பவர்டாப் கருவியில் பார்த்தேன். எங்கள் தரவுத்தள மென்பொருளான போஸ்ட்கிரெஸ் 15இன் பின்னணிச் செயல்கள் வேலையே இல்லாமல் விழித்தெழுகின்றன. செயலி ஆழ்ந்து உறங்க முடியவில்லை. மாற்றங்களை வட்டில் எழுதும் ‘பின்னணி எழுதி’யில் குறையில்லை: வழக்கமாக 200 மில்லிசெக்கன் இடைவெளி, சும்மா இருக்கும்போது 10 செக்கனாக நீட்டிக்கொள்கிறது. நகலில், முதன்மையின் மாற்றப் பதிவுகளைப் பெறும் செயல்தான் செக்கனுக்கு 10 தடவை எழும்புகிறது. பதிப்பு 16இல் இதைத் திருத்திவிட்டார்கள். அந்தப் பதிப்புக்கு மாறியவர்கள் உண்மையில் மின்சாரம் மிச்சமானதைக் கண்டீர்களா?

முதன்மையில், தேவையற்ற பழைய வரிகளைத் தானாகத் துப்புரவாக்கும் ஆட்டோவாக்கூம் (autovacuum) என்ற செயலும் தொல்லை. அதன் ஒரு நிமிட இடைவெளி தரவுத்தளங்களின் எண்ணிக்கையால் பிரிபடுகிறது. எங்கள் நூலகத்தின் தரவு 12 தரவுத்தளங்களாகப் பிரிந்திருப்பதால் ஏறத்தாழ 5 செக்கனுக்கு ஒரு விழிப்பு! இடைவெளியை 10 நிமிடமாக்க நினைக்கிறேன். பகலில் இரவல் பதிவுகள் அடிக்கடி மாறும் அட்டவணைகள் பழைய வரிகள் சேர்ந்து வீங்கிவிடுமா? ஆட்டோவாக்கூமை முழுவதும் நிறுத்த எனக்கு மனமில்லை. 12 தரவுத்தளங்களையும் ஒன்றாக்கி, அதனுள் தனித்தனிப் பகுதிகளான ஸ்கீமாக்களாகப் பிரிப்பது நல்லதா? செய்து பார்த்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.