128 ஜிபி ராமில் 32 ஜிபி காணவில்லை, லினக்ஸ் சர்வரும் மந்தம்: உதவி தேவை

இரண்டு சாக்கெட் மதர்போர்டு, இரண்டு ஜியான் இ5-2670 வி2, 16 ஜிபி இசிசி ராம் எட்டு, டெபியன் 12. பத்து நாள் முன்பு சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு வேனில் ஏற்றி வந்தோம். இருபது கொண்டை ஊசி வளைவு, கனமான ஹீட்சிங்க்; குலுங்கலில் சிபியு சாக்கெட்டில் ஏதாவது ஆகியிருக்குமோ என்பதுதான் சந்தேகம்.

40 த்ரெட்டும் தெரிகின்றன. ஆனால் ஃப்ரீ கட்டளை 94 ஜிபிதான் காட்டுகிறது. நியூமா (எந்த சிபியுவுக்கு எவ்வளவு ராம் என்ற பிரிவு) கணக்கில் நோடு 0-வில், அதாவது முதல் சிபியுவில் 64, நோடு 1-இல், அதாவது இரண்டாவதில் 32. டிஎம்ஐடிகோட் (வன்பொருள் விவரம் காட்டும் கட்டளை) பார்த்தால் இரண்டாவது சிபியுவின் சி, டி சேனல்கள் (ராம் இணைப்புப் பாதைகள்) காலி என்கிறது. நோடு 1 சீக்கிரம் நிரம்பி, மிச்சத்தை எதிர் சாக்கெட்டில் போய் எடுப்பதால் நியூமா மிஸ் (விரும்பிய நோடில் ராம் கிடைக்காத எண்ணிக்கை) எகிறுகிறது. 11 நிமிடத்தில் முடிந்த கம்பைல் இப்போது 19 நிமிடம்.

அந்த இரண்டு ராமையும் முதல் சிபியு பக்கம் மாற்றினேன், வேலை செய்கின்றன. நல்ல ராமை சி, டி ஸ்லாட்டில் போட்டாலும் தெரியவில்லை. பயாஸில் மிரரிங், ஸ்பேரிங் (ராமின் ஒரு பகுதியை நகலுக்கோ மாற்றுக்கோ ஒதுக்கும் வசதிகள்) இரண்டும் ஆஃப். சிமாஸ் ரீசெட்டும் (பயாஸ் அமைப்புகளை அழிப்பது) ஆயிற்று. கர்னல் வரியில் மெமரி வரம்பு எதுவும் இல்லை. இருக்கிற 96 ஜிபியில் மெம்டெஸ்ட் ஒரு சுற்று, பிழை இல்லை. வெப்பம் இரு சிபியுவிலும் 60 டிகிரிக்குள். (மலையில் ஈரம் என்பதால் ராம் காண்டாக்டுகளையும் ஐபிஏ (ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்) போட்டுத் துடைத்தாயிற்று.)

கையில் ஒரு தடவைக்கான தெர்மல் பேஸ்ட்தான் இருக்கிறது. அதை வைத்து இரண்டாவது சிபியுவைக் கழற்றி சாக்கெட் பின்களைப் பார்த்து அதையே திரும்ப மாட்டுவதா, இல்லை நேராக இரண்டு சிபியுவையும் இடம் மாற்றிப் பார்ப்பதா?