ஹால் கேட்டா "சீட்டாட்டத்துக்குத் தர மாட்டோம்"ங்கிறாங்க: போக்கிமான் கார்டு போட்டி சூதாட்டமா?

பெரம்பூர்_லோகோ
மாசத்துல ரெண்டு ஞாயித்துக்கிழமை பெரம்பூர்ல ஒரு சின்ன ஹால் எடுத்து போக்கிமான் கார்டு போட்டி நடத்திட்டு இருந்தேன். பதினெட்டு, இருபது பேர் வருவாங்க. வியாசர்பாடி, கொடுங்கையூர், திருவொற்றியூர்லேர்ந்து கூட பசங்க பஸ் புடிச்சு வருவாங்க. தலைக்கு 150 ரூபா. ஹால் வாடகை, டீ, பிஸ்கட் போக மீதிக்கு கார்டு பாக்கெட் (உள்ள என்ன கார்டுன்னு கிழிச்சாதான் தெரியும்) வாங்கி ஜெயிச்சவங்களுக்குக் குடுத்துடுவேன். போன வாரம் ஆட்டம் நடக்கும்போதே ஹால் பாத்துக்குறவர் உள்ள வந்து, "காசு கட்டி சீட்டாடுறாங்கன்னு புகார் வந்திருக்கு, சூதாட்டத்துக்கெல்லாம் இடம் கிடையாது"ன்னுட்டார். பத்தாவது படிக்கிற பசங்க தலையைக் குனிஞ்சுக்கிட்டு கார்டை அடுக்கினதை என்னால மறக்க முடியல. நேரா கேக்குறேன், இது சூதாட்டமா?

தண்டையார்பேட்டை_அம்மா
தம்பி, உங்க மனசு கஷ்டப்படும், ஆனாலும் சொல்றேன். ஆமா.

என் பையனுக்குப் பன்னண்டு வயசு. கடையில பாக்கெட் வாங்கினா வீட்டு வாசல் வரைக்கும் தாங்காது, மாடிப்படியிலேயே உக்காந்து பல்லால கிழிக்கிறான். முன்னாடி இருக்குற கார்டு எதையும் பாக்குறதில்ல. ஒவ்வொண்ணா பின்னாடி தள்ளி, கடைசியில இருக்குறத வெளிச்சத்துல சாய்ச்சுப் பாக்குறான், மினுங்குதான்னு. மினுங்கலன்னா மொத்தத்தையும் படியிலேயே போட்டுட்டு "இன்னும் ஒண்ணே ஒண்ணும்மா"ங்கிறான். எங்கப்பா டீக்கடை வாசல்ல நின்னு சுரண்டல் லாட்டரியை நகத்தால சுரண்டுவார். அதே மூஞ்சி, அதே "இன்னும் ஒண்ணு". 2003ல லாட்டரியைத் தடை பண்ணப்போ எங்கம்மா வீட்டுல கற்பூரம் ஏத்தினாங்க. அந்த மூஞ்சியை என் புள்ளைகிட்ட திரும்பப் பாக்க எனக்குத் தெம்பு இல்ல.

பெரம்பூர்_லோகோ
அக்கா, நீங்க சொல்றது பாக்கெட் கிழிக்கிறதை. நான் கேக்குறது ஆட்டத்தை. ரெண்டும் வேற.

ஆட்டத்துக்கு ஆளுக்கு 60 கார்டு, அந்தக் கட்டுக்குப் பேரு டெக். அது எதெதுன்னு ஆடுறவனே வீட்டுல உக்காந்து முடிவு பண்ணிக் கட்டிட்டு வர்றான். அடிப்படை எனர்ஜிங்கிற கார்டு தவிர ஒரே பேர்ல நாலுக்கு மேல வெக்கக் கூடாது. கையில 7 எடுப்பான், 6 கார்டு பரிசுன்னு கவுத்து வெச்சுடுவான். நாலு காப்பி வெச்ச கார்டு முதல் ஏழுல ஒண்ணாவது வர 40 சதவீதம் வாய்ப்பு. ஒரே காப்பின்னா 12 சதவீதம் கூட இல்ல. இந்தக் கணக்கை எட்டாவது படிக்கிற பையன் மனசுலேயே வெச்சிருக்கான்.

ஒரு நாள் நேர்ல வந்து பாருங்க. சில கார்டு போட்டா டெக்குக்குள்ள தேடி வேண்டியதை எடுக்கலாம். நல்லா ஆடுறவன் முதல் தடவை அப்படித் தேடும்போது தேவையான கார்டை உடனே எடுக்க மாட்டான். கட்டை விரல்ல தள்ளித் தள்ளி மொத்தத்தையும் எண்ணுவான். எது இல்லையோ, அதெல்லாம் கவுத்து வெச்ச ஆறுக்குள்ள மாட்டிக்கிச்சுன்னு கண்டுபுடிச்சு, அங்கேயே திட்டத்தை மாத்துவான். மங்காத்தாவுல உள்ளயா வெளியயான்னு காசு வெக்கிறவன் இதைப் பண்றானா?

காசிமேடு_ஸ்ட்ரைக்கர்
நான் கேரம் ஆடுறவன், அதனால சொல்றேன். எங்க ஆட்டத்துல பத்தொம்பது காய், அத்தனையும் கண்ணு முன்னாடி. எதுவும் கவுத்து வெக்கிறதில்ல. 2024ல அமெரிக்காவுல நடந்த உலகப் போட்டியில நம்ம ஆட்டோக்காரர் பொண்ணு காசிமா மூணு தங்கம் ஜெயிச்சா. காசு இருக்குறவன் காய் வேற, இல்லாதவன் காய் வேறன்னு கேரம்ல கிடையாது. உங்க ஆட்டத்துல அப்பன் பத்தாயிரம் செலவு பண்ணா புள்ள கையில நல்ல கார்டு. அதுக்குப் பேரு விளையாட்டா?

வியாசை_டெக்
அண்ணா, இது நிறைய பேருக்குத் தெரியாது. விலை ஏறுறது மினுங்குற கார்டு. பெரும்பாலும் அதே கார்டு விலை கம்மியான சாதா வடிவத்துலயும் வரும், ரெண்டுலேயும் எழுதியிருக்குற விதி ஒண்ணுதான். நான் ஒரு பாக்கெட் கூட வாங்கினதில்ல, வேண்டியதை மட்டும் ஒத்தையா வாங்கி டெக் கட்டினேன். ஆனா எல்லா கார்டுமே மலிவுன்னு நான் சொல்லல. சில டெக்குக்கு நிஜமாவே காசு ஆகும், அதுல உங்க கோவம் நியாயம்.

இன்னொண்ணு. இந்த மாதிரி ஆட்டத்துக்கெல்லாம் முன்னோடி 1993ல வந்த மேஜிக்ங்கிற கார்டு ஆட்டம். அதோட முதல் விதிப்புத்தகத்துல ஆளுக்கு ஒரு கார்டைப் பந்தயமா வெக்கணும், ஜெயிச்சவன் ரெண்டையும் எடுத்துக்கலாம்னு இருந்துச்சு. அது சூது, நான் மறுக்கவே மாட்டேன். அப்புறம் அவங்களே அதைக் கைவிட்டாங்க, அந்தப் பந்தயக் கார்டுகளைப் போட்டியிலேர்ந்து தடை பண்ணாங்க. ஆட்டம் மட்டும் நின்னுச்சு. பந்தயத்தை எடுத்தும் ஆட்டம் நிக்குதுன்னா, அந்த ஆட்டத்தோட உயிர் பந்தயத்துல இல்லைன்னுதானே அர்த்தம்?

கல்மண்டபம்_வக்கீல்
சட்டம் என்ன சொல்லுதுன்னு வைக்கிறேன். சென்னை நகரத்துக்கு 1888ஆம் வருஷத்து போலீஸ் சட்டம், வெளியே 1930ஆம் வருஷத்து கேமிங் சட்டம். ரெண்டுலயும் திறமை ஆட்டத்துக்கு விலக்கு உண்டு. செகந்தராபாத் கிளப் ஒண்ணு சம்பந்தப்பட்ட வழக்குல, ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டம்னு உச்ச நீதிமன்றம் 1967லேயே சொல்லிடுச்சு. விழுந்த கார்டை ஞாபகம் வைக்கணும், எதை வைக்கிறது எதை விடுறதுன்னு யோசிக்கணும்னு காரணமும் சொன்னாங்க. மூணு சீட்டை அந்தக் கணக்குல சேர்க்கல. 1996ல நம்ம கிண்டி குதிரைப் பந்தயமே திறமைன்னு தீர்ப்பு வந்தது. 2025ல வந்த மத்திய சட்டம் திறமையோ அதிர்ஷ்டமோ, காசு கட்டி ஆடுற ஆட்டம் எல்லாத்தையும் தடை பண்ணுது. ஆனா அது ஆன்லைனுக்கு மட்டும்.

லோகோ தம்பி ஒண்ணு கவனிக்கணும். அதே 1967 தீர்ப்புல, பந்தயம் வெச்சு ஆடுற ஆட்டத்துல இடம் குடுக்குறவன் லாபம் பாத்தா குற்றம் ஆகலாம்னும் ஒரு வரி இருக்கு. 150 ரூபாயில உங்க கைக்கு ஏதாவது நிக்குதா? கணக்கு எழுதி வைங்க.

பாக்கெட் விஷயத்துக்கு வர்றேன். இதே குற்றச்சாட்டோட அமெரிக்காவுல வழக்கு போட்டாங்க. பாக்கெட்டுல அரிய கார்டு கிடைக்காத ஏமாற்றம் சொத்து இழப்பு ஆகாதுன்னு 2002ல மேல்முறையீட்டு நீதிமன்றம் தள்ளுபடி பண்ணிடுச்சு.

தண்டையார்பேட்டை_அம்மா
சார், உங்க மேல மரியாதை உண்டு. ஆனா இந்தத் 'திறமை'ங்கிற வார்த்தையைக் கேட்டாலே எனக்கு வயிறு எரியுது. ரம்மி திறமைன்னுதானே கோர்ட்டு சொல்லுச்சு? என் தம்பிக்குத் திறமை இருந்துச்சு. அந்தத் திறமையாலதான் அடுத்த ஆட்டத்துல புடிச்சுடலாம்னு நம்பினான். அம்மாவோட தாலிச் செயின், அவன் வண்டி, கடைசியா ஆபீஸ் காசு. அதிர்ஷ்டம்னு நினைச்சிருந்தா பாதியில எழுந்திருப்பான். திறமைன்னு நினைச்சதாலதான் எழுந்திருக்கல.

அதனால திறமையா இல்லையான்னு என்கிட்ட கேக்காதீங்க. தோத்த புள்ள என்ன இழந்துட்டுப் போறான், ஜெயிச்ச புள்ள எதை எடுத்துட்டுப் போறான், அதைச் சொல்லுங்க.

பெரம்பூர்_லோகோ
நேத்து ராத்திரி முழுக்க இதையே யோசிச்சேன் அக்கா. தோத்தவன் 150 ரூபா குடுத்தான், நாலு ரவுண்டு ஆடினான், டீ குடிச்சான். தோத்தா கூட இன்னும் கட்டுன்னு யாரும் கேக்கல, கட்டவும் வழியில்ல. அங்க உங்க தம்பி கதைக்கும் இதுக்கும் தூரம் இருக்கு, இதை நான் விட்டுக் குடுக்க மாட்டேன்.

ஜெயிச்சவன் எதை எடுத்துட்டுப் போறான்னு கேட்டீங்க பாருங்க, அங்க நான் மாட்டிக்கிட்டேன். பாக்கெட் எடுத்துட்டுப் போறான். நாலு மணி நேரம் மூளையைக் கசக்கி ஜெயிச்ச பையனுக்கு நானே ஒரு சுரண்டல் சீட்டைக் கையில குடுத்து அனுப்பியிருக்கேன். போன மாசம் ஜெயிச்சவன் அங்கேயே கிழிச்சான், எல்லாரும் ஆட்டத்தை விட்டுட்டு அவனைச் சுத்தி நின்னாங்க. அது எனக்கு அன்னிக்கு சந்தோஷமா இருந்துச்சு. இனிமே பாக்கெட் கிடையாது. ஜெயிச்சா ஒரு டெக் பெட்டியோ, என்ன கார்டுன்னு முன்னாடியே பேர் சொல்லி வெச்ச ஒத்தைக் கார்டோதான். கட்டணம் 60 ரூபா, வாடகைக்கும் டீக்கும் மட்டும். கார்டு வாங்க முடியாத பசங்க ஜெராக்ஸ் எடுத்து உறையில போட்டு ஆடலாம், நம்ம போட்டியில அது செல்லும். கணக்கை சுவத்துல ஒட்டுறேன்.

கல்மண்டபம்_வக்கீல்
இதை அப்படியே ஒரு பக்கத்துல எழுதி ஹால்காரர்கிட்ட குடுங்க. நான் படிச்சுப் பாத்து அனுப்புறேன்.

தண்டையார்பேட்டை_அம்மா
பாக்கெட்டைப் பத்தி என் எண்ணம் மாறல, மாறாது. அதை விக்கிற கடைக்கு என் பையனைத் தனியா அனுப்ப மாட்டேன். ஆனா அந்த எண்ணிப் பாக்குறதைச் சொன்னீங்களே, அதை அவன் கத்துக்கிட்டா எனக்குச் சந்தோஷம். அவன்கிட்ட படியில போட்ட கார்டு ஒரு பை நிறைய இருக்கு, அதுல டெக் கட்ட முடியுமா? நானும் கூட வந்து உக்காருவேன்.

வியாசை_டெக்
தாராளமா அக்கா. பையோட கொண்டு வாங்க, நானே பிரிச்சுத் தர்றேன்.

காசிமேடு_ஸ்ட்ரைக்கர்
கார்டு ஆட்டம் கேரம் ஆகாது, அதுல நான் அப்படியேதான் இருக்கேன். ஆனா எங்க கிளப்பையும் ஒரு காலத்துல சூதாட்ட கிளப்புன்னுதான் தெருவுல சொன்னாங்க, எங்கப்பா ஸ்ட்ரைக்கரை அடுப்புல போட்டார். ஹால் கிடைக்கிற வரைக்கும் ஞாயிறு மதியம் ரெண்டுலேர்ந்து அஞ்சு வரைக்கும் எங்க இடம் சும்மாதான் கிடக்கும். ஆறு போர்டு இருக்கு, பலகை போட்டு மூடிக்கலாம். மேல விரிக்க பெட்ஷீட் எடுத்துட்டு வாங்க, இல்லன்னா கார்டு பூரா பவுடர் ஆயிடும்.