மலேசியா, சுங்கை சிப்புட்: பழைய பிரிட்ஜ் குளிரவில்லை, கையில் 380 வெள்ளிதான் (ரிங்கிட்), என்ன செய்வது?

புதுமருமகள்:
வணக்கம் அண்ணா, அக்கா. கல்யாணமாகி தஞ்சாவூரிலிருந்து சுங்கை சிப்புட் வந்து ஐந்து வாரம் ஆகிறது. போன சனிக்கிழமை மாமியார் வீட்டிலிருந்து வாடகை வீட்டுக்கு வந்தோம். ஒரு பாயும் ஒரு மின்விசிறியும் தவிர வீட்டில் ஒன்றுமில்லை. முன்பணம் போக 600 வெள்ளி இருந்தது. அதில் 220 கொடுத்து இன்று மாலை பழைய பிரிட்ஜ் ஒன்று வாங்கினோம். மூன்று மணி நேரமாகியும் குளிரவில்லை. விற்றவர் போனை எடுக்கவில்லை. இவர் இரவு வேலைக்குப் போய்விட்டார். மதியம் வாங்கிய மீனும் பாலும் உள்ளே இருக்கின்றன. மீதிப் பணத்தில் எதைப் பழையதாக வாங்கலாம்? அழுகையாக வருகிறது.

கிள்ளான் சமையல்காரர்:
தங்கச்சி, முதல் மூன்று மாதம் எதையும் வாங்காதே. நான் 2009-இல் கிள்ளானுக்குச் சாப்பாட்டுக் கடை வேலைக்கு வந்தபோது எட்டுப் பேருக்கு ஒரே அறை. அரிசிச் சாக்கைப் பிரித்து விரித்துப் படுத்தேன். பழைய பொருள் விற்கும் ஒரு சீனப் பெரியவரிடம் இரண்டு வெள்ளிக்கு எனாமல் மங்கு (கிண்ணம்) ஒன்று வாங்கினேன். சோறும் அதில்தான், தேத்தண்ணியும் அதில்தான். விளிம்பில் நீலக் கோடு, ஒரு பக்கம் எனாமல் பெயர்ந்து கறுப்பாக இருக்கும். இன்றைக்கும் என் சமையலறையில் இருக்கிறது. பிரிட்ஜ் இல்லாமல் பதினான்கு மாதம் ஓட்டினேன்.

ஜொகூர் அக்கா:
அண்ணே, உங்கள் கஷ்டம் புரிகிறது. ஆனால் குடும்பம் நடத்துகிற பெண்ணிடம் மங்கை வைத்துக்கொண்டு வாழச் சொன்னால் எப்படி? நான் சொல்வேன், ஐஸ்பெட்டி மட்டும் புதிதாக வாங்கு, தவணையில். பழசு மின்சாரத்தைக் குடிக்கும். நான் வந்த வருஷம் பழசு வாங்கி மூன்று தடவை ரிப்பேர் பார்த்தேன்.

தோட்டத்துப் பிள்ளை:
தவணை வேண்டவே வேண்டாம் அக்கா. ஒரு மாசம் தவறினால் இன்னொரு கடன் வாங்கத் தோன்றும், அங்கேதான் ஆலோங், உரிமமில்லாத வட்டிக்காரன், வந்து நிற்பான். எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன்.

தங்கச்சி, ஞாயிறு காலையில் உன் வீட்டுக்காரரோடு மோட்டாரில் ஈப்போ போ. ஏறக்குறைய 30 கிலோமீட்டர்தான். பழம்பொருள் சந்தையைப் பாசார் காராட் என்பார்கள், காராட் என்றால் மலாயில் துரு. எவர்சில்வர் சட்டி, இரும்புத் தோசைக்கல், கண்ணாடிப் பாட்டில், மரக்கட்டில் எல்லாம் கண்ணால் பார்த்தே நல்லது கெட்டது தெரியும். துணிக்குப் பண்டல் கடை, அதாவது பழைய துணிக் கடை. நிறைய ஜப்பானிலிருந்து மூட்டையாக வருகிறது. அக்குளும் தையலும் பார்த்து எடு, சுடுதண்ணீரில் ஊறவைத்துத் துவைத்த பிறகு போடு. மெத்தையைப் பழையதாக வாங்கவே வாங்காதே. மூட்டைப்பூச்சி ஒரு வீட்டுக்குள் வந்துவிட்டால் அதை விரட்டுகிற செலவில் புது மெத்தையே வாங்கிவிடலாம்.

ஜொகூர் அக்கா:
பண்டல் கடையும் இப்போது விலை ஏறிவிட்டது. முன்பு ஒரு வெள்ளிக்குக் கிடைத்த சட்டைக்கு இப்போது பத்து கேட்கிறார்கள்.

லயத்தில் பிறந்தவன்:
எல்லாமே ஏறிவிட்டது, சம்பளத்தைத் தவிர. எங்கள் காலத்தில் லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், ஒரு வீட்டு உரல் பத்து வீட்டுக்கு மாவாட்டும். கித்தா என்கிற ரப்பர் மரத்தை அழித்து எண்ணெய்க்குச் செம்பனை போட்டார்கள், ஆட்கள் பட்டணத்துத் தாமான் குடியிருப்புகளுக்குப் போனார்கள், இப்போது பக்கத்து வீட்டுக்காரர் முகம்கூடத் தெரியாது. தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற நாளில், 1960-இல், நம் சுங்கை சிப்புட் தொகுதியின் எம்.பி.யாக இருந்த சம்பந்தன் கூட்டுறவுச் சங்கம் ஆரம்பித்துத் தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டமே வாங்கினார். சேர்ந்து வாங்குவது நமக்குப் புதிதல்ல. இப்போது தீபாவளிக்கு நாலு நாள் முன்னால் நல்ல நாற்காலியைக் குப்பைமேட்டில் போடுகிறார்கள்.

கிள்ளான் சமையல்காரர்:
உண்மை அண்ணே. என் முதலாளி வீட்டிலும்...

ஐஸ்பெட்டி ரிப்பேர்:
கொஞ்சம் நிறுத்துங்கள். அந்தப் பிள்ளை ராத்திரியில் தனியாக உட்கார்ந்திருக்கிறது. தங்கச்சி, பெட்டியை எதில் ஏற்றி வந்தீர்கள்? நிறுத்தியா, படுக்க வைத்தா? ஒரு கதவா, இரண்டா?

புதுமருமகள்:
சின்ன லோரியில் படுக்க வைத்துத்தான் அண்ணா. இறக்கியதும் சுவிட்ச் போட்டோம். இரண்டு கதவு. மேலே லேசாகச் சில்லென்று இருக்கிறது, கீழே ஒன்றுமில்லை.

ஐஸ்பெட்டி ரிப்பேர்:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே அம்மா. இப்போதே அணைத்துவிடு. பெட்டியைப் படுக்க வைத்தால் கம்ப்ரசர் எண்ணெய் குழாய்க்குள் போய்விடும். நிமிர்த்தி வைத்து அது இறங்குகிறவரை காத்திருக்க வேண்டும். நாளை இரவு வரை தொடாதே. சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வை. பிறகு போட்டாலும் கீழ்த்தட்டு குளிர நாலைந்து மணி நேரமாவது ஆகும், உடனே திறந்து திறந்து பார்க்காதே.

கதவு ரப்பரில் ஒரு வெள்ளி நோட்டை வைத்து மூடி இழு. வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பர் போய்விட்டது, அது சின்னச் செலவு. இரண்டு நாள் கழித்தும் மேலே மட்டும் குளிர்ந்தால் காற்றாடியோ, பனி உருக்கும் கம்பியோ பழுது. கம்ப்ரசரே ஓடவில்லை என்றால்தான் 220 போனது என்று வருத்தப்பட வேண்டும். அடுத்த தடவை விற்பவர் வீட்டிலேயே, ஓடிக்கொண்டிருக்கும்போது கையை உள்ளே விட்டுப் பார்த்துப் பணம் கொடு.

அந்த மீன் இந்நேரம் ஆறேழு மணி நேரம் வெக்கையில் கிடந்திருக்கும். மனசு கேட்காது, ஆனாலும் வறுத்துக்கூடச் சாப்பிடாதே. பாலும் வேண்டாம். நாளைக்கு அட்டைப்பெட்டியில் அடைத்த பால் வாங்கிக்கொள், திறக்கும்வரை கெடாது.

ஜொகூர் அக்கா:
தம்பி சொல்வது சரி. நான் தவணை என்று அவசரப்பட்டுவிட்டேன். தங்கச்சி, அடுப்பு பழையது வாங்கலாம். ஆனால் கேஸ் ரெகுலேட்டரும் ரப்பர் குழாயும் புதிது, சிரிம் (SIRIM) தர முத்திரை பார்த்து வாங்கு. அதில் காசு மிச்சம் பிடிக்காதே. 14 கிலோ கேஸ் தோம்பு (சிலிண்டர்) அரசாங்க விலை 26 வெள்ளி 60 சென். முதல் தடவை தோம்புக்குத் தனியாக முன்பணம் கேட்பார்கள். மாமியாரிடம் சும்மா கிடக்கும் தோம்பு இருக்கிறதா என்று கேள்.

புதுமருமகள்:
அணைத்துவிட்டேன் அண்ணா. மீனையும் கொட்டிவிட்டேன். நோட்டு இறுக்கமாகத்தான் இருக்கிறது. அக்கா, அத்தையிடம் காலையில் கேட்கிறேன். இன்னொன்று, அம்மா கொடுத்தனுப்பிய மிக்சியின் உருண்டை முள் பிளக் இங்கே பொருந்தவில்லை. புதுசு வாங்க வேண்டுமா?

ஐஸ்பெட்டி ரிப்பேர்:
வேண்டாம். ஊரிலும் இங்கேயும் 230 வோல்ட்தான், மிக்சி தாங்கும். ஹார்ட்வேர் கடையில் மூன்று தட்டை முள், பியூஸ் வைத்த பிளக் ஒன்று வாங்கு. அதற்கும் சிரிம் முத்திரை பார். கடைக்காரரையே மாட்டித் தரச் சொல், பச்சை மஞ்சள் வயர் மேல் முள்ளுக்குப் போக வேண்டும்.