ஏலகிரி ஏற்றத்தில் மிஸ்ஸிங்: நாலு காயிலையும் மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி – சத்துவாச்சாரி

வணக்கம். என்னுடையது சின்ன பெட்ரோல் பிக்கப். நாலு சிலிண்டர், வாங்கும்போதே சிஎன்ஜி பொருத்தி வந்தது, என்ஜின் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. வேலூர் நேதாஜி மார்க்கெட்டில் காய்கறி ஏற்றி ஏலகிரி ஓட்டல்களுக்குப் போடுகிறேன். வாணியம்பாடி வரை ஒரு குறையும் இல்லை. பொன்னேரி தாண்டி மலை ஏற ஆரம்பித்ததும் வண்டி குலுங்குகிறது, இழுவை இல்லை, என்ஜின் செக் லைட் மினுக்குகிறது. கேஸிலிருந்து பெட்ரோலுக்கு மாற்றினால் ஓரளவு சரியாகிறது. ஸ்கேனரில் பி0303 என்ற பழுது எண் வந்தது. பொறி போடும் பிளக் 40,000 கிலோமீட்டர் ஓடியது. நாலு பிளக், அவற்றுக்குக் கரண்ட் தரும் நாலு காயில் மொத்தமாக மாற்றிவிடலாம் என்கிறார் மெக்கானிக். காயில் விலையைக் கேட்டால் பகீர் என்கிறது. நானே பார்க்கலாமா?

பதில் – ஆற்காடு, மெக்கானிக்

தாராளமாகப் பார்க்கலாம் தம்பி. பி0303 என்றால் மூன்றாவது சிலிண்டரில் மிஸ்ஸிங், அதாவது அங்கே எரிபொருள் சரியாக எரியவில்லை. பிளக் நாலையும் ஒன்றாக மாற்று, அது சரி. காயிலை மட்டும் சோதிக்காமல் வாங்காதே.

என்ஜின் நன்றாக ஆறட்டும். மூன்றாவது காயிலைக் கழற்றி ஒன்றாவதில் போடு, ஒன்றாவதை மூன்றில் போடு. பொதுவாக ஃபேன் பெல்ட் பக்கம் இருப்பது ஒன்று. அன்றைக்குப் பிளக்கைத் தொடாதே; காயில், பிளக் இரண்டையும் ஒன்றாக மாற்றினால் எது கெட்டது என்று தெரியாது. ஸ்கேனரில் பழுது எண்ணை அழித்துவிட்டு லோடோடு ஓட்டு. பி0301, அதாவது ஒன்றாவது சிலிண்டர் என்று வந்தால் காயில்தான் காலி. திரும்ப பி0303 வந்தால் பிளக், அதற்கும் அடங்காவிட்டால் எரிபொருள் பீய்ச்சும் இன்ஜெக்டர், சிலிண்டரின் கம்ப்ரஷன் (அழுத்தம்) பார்க்க வேண்டும்.

ஏற்றத்தில் மட்டும் ஏன் என்றால், ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க சிலிண்டருக்குள் அழுத்தம் ஏறும், பொறி தாண்ட அதிக வோல்டேஜ் வேண்டும். கேஸுக்கு அது பெட்ரோலைவிட இன்னும் அதிகம். காயில் தளர்ந்தால் முதலில் கேஸில்தான் காட்டும். இன்னொன்று, செக் லைட் மினுக்கும்போது மலையில் விடாப்பிடியாக ஏற்றாதே. எரியாத பெட்ரோலோ கேஸோ சைலன்சர் பக்கம் போய், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சூடேற்றிக் கெடுத்துவிடும். அதன் விலைக்கு முன்னால் காயில் விலை ஒன்றுமே இல்லை.

பதில் – குடியாத்தம்

வாட்டர் சர்வீஸ் விட்டீர்களா? பிளக் உட்காரும் குழியில் தண்ணீர் நின்றாலும் இதே தொல்லைதான். காயிலுக்குக் கீழே இருக்கும் ரப்பரையும் வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். மெல்லிய கறுப்புக் கோடு இருந்தால் கரண்ட் பிளக்குக்குப் போகாமல் அந்த வழியாக என்ஜின் ஹெட்டுக்கு ஓடுகிறது என்று அர்த்தம்.

பதில் – ராணிப்பேட்டை

என்னைக் கேட்டால் நாலையும் மாற்றுவதே நல்லது. ஒன்று போனால் அடுத்தது பின்னாலேயே போகும். லோடு வண்டி நடுவழியில் நின்றால் காய்கறி அழுகும்.

ஆற்காடு மெக்கானிக்

பயம் நியாயம்தான். அதற்கு ஒரு காயில் கூடுதலாக வாங்கி டேஷ்போர்டில் போட்டு வைத்தால் போதுமே, நாலு எதற்கு?

கேள்வி கேட்டவர்

அண்ணா, பிளக்கை எவ்வளவு இறுக்குவது? அளவு பார்த்து இறுக்கும் டார்க் ரென்ச் இல்லை.

ஆற்காடு மெக்கானிக்

கழற்றும் முன் பஞ்சர் கடையில் காற்று அடித்துக் குழியைச் சுத்தம் செய். மண் உள்ளே விழுந்தால் பிஸ்டனுக்குக் கேடு. காயிலின் வயர் சாக்கெட் சூட்டில் நொறுங்கிப் போயிருக்கும். லாக்கை அமுக்கி இழு, வயரைப் பிடித்து இழுக்காதே. கேஸ் வண்டி, அதனால் மேனுவலில் போட்டிருக்கும் பிளக் நம்பரையே வாங்கு. புதுப் பிளக்கைக் கையால் திருகு, ஹெட் அலுமினியம், மரை போனால் பெரிய செலவு. வாஷர் உட்கார்ந்த பிறகு அரைச் சுற்று, மிஞ்சினால் முக்கால் சுற்றுக்குள். மரையில் கிரீஸ் தடவாதே, வழுக்கிக்கொண்டு அளவுக்கு மேல் இறுகிவிடும்.

கேள்வி கேட்டவர்

மாற்றிப் போட்டு ஓட்டினேன், பி0301 வந்தது. குடியாத்தம் அண்ணன் சொன்ன கறுப்புக் கோடு அந்த ரப்பரில் அப்படியே இருந்தது. ஒரு காயிலும் நாலு பிளக்கும் புதிதாகப் போட்டேன். நேற்று முழு லோடோடு கேஸிலேயே பதினான்கு கொண்டை ஊசியும் ஏறியது, லைட் வரவில்லை. இரண்டாவது குழியில் மட்டும் ஆயில் ஈரம் இருந்தது, துடைத்துவிட்டேன்.

ஆற்காடு மெக்கானிக்

துடைத்தால் போதாது தம்பி. என்ஜின் ஹெட்டை மூடும் டேப்பெட் கவரின் பேக்கிங்கும் குழியைச் சுற்றி இருக்கும் சீலும் மாற்று. ஆயிலில் ஊறினால் காயில் ரப்பர் உப்பிப்போகும், அடுத்து பி0302 வரும்.