புதுப்பிப்பு: பல்லாவரம் சந்தையில் விட்ட கத்தி

நூறு ரூபாய் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசி, பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் வெங்கர் என்ற சுவிஸ் கம்பெனியின் பழைய மடக்குக் கத்தி ஒன்றை விட்டுவிட்டு வந்ததாகப் போன மாதம் புலம்பியிருந்தேன் அல்லவா? நேற்று மறுபடி போனேன். கடைக்காரருக்கு என்னை ஞாபகம் இருந்தது. “அது அன்னைக்கே போயிடுச்சு சார்” என்றார், சிரித்துக்கொண்டே.

2005இல் இன்னொரு சுவிஸ் கத்திக் கம்பெனியான விக்டோரினாக்ஸ் வெங்கரை வாங்கியது. அப்புறம் சில வருடங்களில் அந்தப் பெயரில் கத்தி வருவதே நின்றுபோனது. வயிறு எரிவது அதனால்தான். அதன் குட்டிக் கத்தரிக்கோலின் ஓரத்தில் இருந்த பொடிப் பற்கள் இன்னும் கண்ணிலேயே நிற்கின்றன.

சரி, வெறுங்கையோடு திரும்பவில்லை. தார்ப்பாயில் 91 மி.மீ. நீள விக்டோரினாக்ஸ் கத்தி ஒன்று, கத்தரியின் ஸ்பிரிங் உடைந்து, கைப்பிடியில் செருகியிருக்கும் பல்குச்சி இல்லாமல் கிடந்தது. இந்த முறை வாயே திறக்காமல் சொன்ன விலையைக் கொடுத்துவிட்டேன். வெந்நீரில் போட்டிருக்கிறேன், துருத்தண்ணீர் இன்னும் வந்துகொண்டிருக்கிறது.