கச்சேரி வரிசை கலையாமல் கோப்புறைகளைக் கணினியில் ஒலிக்க வைப்பது எப்படி?

மயிலாப்பூர் வாசி

என் தந்தையார் சேர்த்து வைத்துவிட்டுப் போன கச்சேரி கேசட்டுகளை இரண்டு ஆண்டுகளாகச் சிறிது சிறிதாகக் கணினியில் ஏற்றி வருகிறேன். கச்சேரிக்கு ஒரு கோப்புறை என்ற கணக்கில் இதுவரை 140 கோப்புறைகள் சேர்ந்திருக்கின்றன. எல்லாம் ஒரு வெளி ஹார்ட் டிஸ்கில், ‘கச்சேரிகள்’ என்னும் ஒரே கோப்புறைக்குள் இருக்கின்றன. உருப்படிகளுக்கு ‘1 வர்ணம்’ என்று தொடங்கி ‘12 மங்களம்’ என்பது வரை எண்ணிட்டே பெயர் வைத்திருக்கிறேன்.

ஆனால் நான் பயன்படுத்தும் பிளேயரில் கோப்புறையைத் திறந்தால் 1, 10, 11, 12, 2, 3 என்ற வரிசையில்தான் ஒலிக்கிறது. என் அம்மாவுக்கு 82 வயது. காலையில் கூடத்தில் அமர்ந்து, மடியில் தாளம் போட்டபடி கேட்பது அவர் வழக்கம். தொடக்கப் பாடலான வர்ணம் முடிந்து, கடைசியில் வர வேண்டிய சிறு பாடல்களான இரண்டு துக்கடாக்கள் வந்து, உடனே நிறைவுப் பாடலான மங்களமும் வந்துவிடுவதால், கச்சேரி முடிந்தது என்று எண்ணி எழுந்துவிடுகிறார். அதற்குப் பின்னால்தான் முழுக் கச்சேரியும் இருக்கிறது.

எனக்கு வேண்டியது இதுதான்: எந்தக் கச்சேரி என்பது நாளுக்கு நாள் மாறி வர வேண்டும், ஆனால் எடுத்த கச்சேரி முதலிலிருந்து கடைசி வரை அதன் வரிசையிலேயே ஒலிக்க வேண்டும். ஷஃபிள் பொத்தானை அழுத்தினால் ஒருவருடைய ஆலாபனையும் (பாட்டுக்கு முன் ராகத்தை விரிக்கும் பகுதி) வேறொருவருடைய தனி ஆவர்த்தனமும் (தாள வாத்தியங்கள் மட்டும் ஒலிக்கும் பகுதி) அடுத்தடுத்து வருகின்றன. இன்னும் இரண்டு குறைகளும் உண்டு. சில கோப்புகளின் தலைப்பு தமிழில் தெரியாமல் புரியாத எழுத்துகளாகத் தெரிகிறது. ஆலாபனை முடிந்து கிருதி தொடங்கும் இடத்தில் தம்புரா ஒரு கணம் அறுந்துபோகிறது. கணினி விண்டோஸ்.

மாம்பலம் ரசிகர்

வரிசைக் கோளாறு உங்கள் கோப்புகளில் இல்லை. பிளேயர் பெயரைப் படிக்கும் விதத்தில் இருக்கிறது. சில நிரல்கள் ‘10’ என்பதைப் பத்து என்று எண்ணாக எடுத்துக்கொள்ளாமல், ‘1’ என்ற எழுத்தையடுத்து ‘0’ என்ற எழுத்து என்றே பார்க்கின்றன. அதனால்தான் ஒன்றில் தொடங்குபவை எல்லாம் இரண்டுக்கு முன்னால் போய் நிற்கின்றன. ‘01’, ‘02’ என்று எல்லாவற்றையும் இரண்டு இலக்கமாக்கிவிட்டால் எந்தப் பிளேயரிலும் வரிசை தவறாது.

ஆயிரத்துக்கு மேற்பட்ட கோப்புகளைக் கையால் மாற்ற வேண்டியதில்லை. எம்பி3டேக் என்ற இலவச நிரலில் எல்லாவற்றையும் ஏற்றி, முதலில் கோப்பின் பெயரிலிருந்து எண்ணையும் தலைப்பையும் டேகில், அதாவது ஒலிக்கோப்புக்குள்ளேயே பதியும் விவரக் குறிப்பில், எழுதச் சொல்லுங்கள். கோப்புறையின் பெயரை ஆல்பம் என்ற இடத்தில் போடச் சொல்லுங்கள். பிறகு அதே டேகிலிருந்து, எண்ணை இரண்டு இலக்கமாக்கிக் கோப்புப் பெயரைத் திரும்ப எழுதச் சொல்லுங்கள். இரண்டே கட்டளைகளில் வேலை முடியும். ஆனால் அதற்கு முன் ‘கச்சேரிகள்’ கோப்புறைக்கு இன்னொரு டிஸ்கில் முழுப் பிரதி எடுத்து வையுங்கள். கேசட்டுக்கு வயதாகிவிட்டது, அதை மறுபடி ஓடவிட்டு ஏற்றிக்கொள்ளலாம் என்று நம்பியிருக்கக் கூடாது.

நாளுக்கொரு கச்சேரி வேண்டும் என்பதற்கு ஃபூபார்2000 என்ற பிளேயர் மிகப் பொருத்தம். அதில் ‘ஆட் ஃபோல்டர்’ வழியாகத் தாய்க் கோப்புறையைச் சேர்த்து, பட்டியலை ‘ஃபைல் பாத்’ வரிசையில் அடுக்குங்கள். பிறகு பிளேபேக் வரிசைக்கான பட்டியலில் ‘ஷஃபிள் ஃபோல்டர்ஸ்’ என்று ஒன்று இருக்கும். அதைத் தேர்ந்தால் கோப்புறைகள் மட்டுமே கலையும். உள்ளே இருக்கும் உருப்படிகள் அப்படியே வரிசையில் நிற்கும். கச்சேரி கேட்பவர்களுக்கென்றே வைத்தது போன்ற வசதி அது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: கேசட்டின் இரண்டு பக்கங்களையும் தனித்தனி உட்கோப்புறையாக வைத்திருந்தால் அது அவற்றை இரண்டு கச்சேரிகளாக எடுத்துக்கொள்ளும். அப்படி இருப்பவற்றை ஒன்றாக்கிவிடுங்கள்.

திருவான்மியூர் நிரலர்

தமிழ் எழுத்துகள் பற்றி மட்டும் சொல்கிறேன். எம்பி3 கோப்புகளின் டேக் வடிவத்துக்கு ஐடி3 என்று பெயர். 1996இல் வந்த முதல் ஐடி3 டேகில் தலைப்புக்கு 30 பைட்தான் இடம். ‘காம்போதி ஆலாபனை’ என்பதை யுனிகோடின் (எல்லா மொழி எழுத்துகளுக்குமான பொதுக் குறியீட்டு முறை) யுடிஎஃப்-8 வடிவில் எழுதினால் 43 பைட் ஆகும். அந்தப் பழைய டேகை நம்பி எழுதினால் பாதியில் அறுந்துவிடும். ஆகவே எம்பி3டேகில் ஐடி3 இரண்டாம் பதிப்பில், யுனிகோடில் எழுதும்படி அமைத்துக்கொள்ளுங்கள். புரியாத எழுத்துகளாகத் தெரிபவை யுனிகோடுக்கு முந்தைய டிஸ்கி, டேப் முதலிய தமிழ்க் குறியேற்றங்களில் (எழுத்துகளை எண்களாகக் குறிக்கும் முறைகளில்) எழுதப்பட்டவையாக இருக்கலாம். அவற்றை என்எச்எம் கன்வர்ட்டரில் ஒட்டி யுனிகோடாக மாற்றலாம். கோப்பின் பெயர் ஏற்கெனவே சரியான தமிழில் இருந்தால் அந்த வேலையும் வேண்டாம். மாம்பலம் ரசிகர் சொன்ன முறையே பழைய தலைப்பின் மேல் புதியதை எழுதிவிடும்.

அம்மாவுக்குப் பிடித்த சில கச்சேரிகளுக்குத் தனியாகப் பிளேலிஸ்ட் கோப்பு செய்து டெஸ்க்டாப்பில் வைக்க எண்ணினால், எம்3யு என்று சேமிக்காமல் எம்3யு8 என்று சேமியுங்கள். முன்னது கணினியின் பழைய எட்டுபிட் குறியேற்றத்தில் எழுதப்படுவது; அதில் தமிழுக்கு இடமில்லாததால் பெயர்கள் கேள்விக்குறிகளாகிவிடும், பிளேயரால் கோப்பைக் கண்டுபிடிக்கவும் முடியாது. வெளி ஹார்ட் டிஸ்க் இன்று ஈ டிரைவாகவும் நாளை எஃப் டிரைவாகவும் வரக்கூடும் என்பதால், விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் அதற்கு நிலையாக ஓர் எழுத்தைக் கொடுத்துவிடுங்கள். விஎல்சி பிளேயர் இருந்தால் பிளேலிஸ்ட்கூடத் தேவையில்லை. கோப்புறையை இழுத்து அதன் சின்னத்தின் மேல் விட்டாலே ஒலிக்கத் தொடங்கும். ஆனால் கோப்புறைகளை மட்டும் கலைக்கும் வசதி அதில் கிடையாது.

அடையாறு வீணை

ஐயா, தம்புரா அறுபடுவதைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லையே என்று எழுதுகிறேன். சுருதி என்பது கச்சேரி நெடுகிலும் ஓடும் ஒரே நூல். அது கண்ணிமைக்கும் நேரம் நின்றாலும் காது அறியும்.

எம்பி3 வடிவம் ஒலியை 1152 மாதிரிகள் (ஒலியைக் கணத்துக்குக் கணம் அளந்த அளவீடுகள்) கொண்ட துண்டுகளாக வெட்டி வைக்கிறது; 44,100 மாதிரிகள் கொண்ட ஒரு நொடியில் அது ஏறக்குறைய 26 மில்லிநொடி. உருப்படியின் நீளம் அந்த அளவுகளில் சரியாக முடிவது அரிது. அதனால் முன்னும் பின்னும் சிறிது மௌனம் சேர்ந்துவிடுகிறது. எம்பி3 கோப்பு செய்யும் லேம் என்கோடர் என்ற நிரலில் உருவாக்கிய கோப்பானால், எவ்வளவு மௌனம் சேர்ந்தது என்பதை அதுவே தலைப்பகுதியில் குறித்து வைக்கும். ஃபூபார் அதைப் படித்து நீக்கிவிடும். கேசட்டிலிருந்து ஏற்றிய, சுருக்கப்படாத முதல் வேவ் கோப்புகள் இன்னும் உங்களிடம் இருக்குமானால், அவற்றிலிருந்து ஃப்ளாக் கோப்புகளாகச் செய்துகொள்வதே என் பரிந்துரை. அதில் இந்த மௌனம் சேரவே சேராது, ஒலியிலும் எதுவும் இழக்கப்படாது.

ஒலி அளவைச் சமன்படுத்த நினைத்தால், அதற்கான ரீப்ளேகெய்ன் என்ற வசதியை ‘ஆல்பம்’ முறையில் மட்டும் வையுங்கள். ‘டிராக்’ முறையில் வைத்தால் மெல்லத் தொடங்கும் ஆலாபனையும் தனி ஆவர்த்தனத்தின் கடைசிக் கோர்வையும் ஒரே உரப்பில் வந்து நிற்கும். பாடியவர் அப்படிப் பாடவில்லை.

மயிலாப்பூர் வாசி

மூவருக்கும் நன்றி. முதலில் பிரதி எடுத்தேன். அதற்கே இரவு முழுவதும் ஆயிற்று. மறுநாள் எண்களை மாற்றினேன். 17 கோப்புறைகளில் இரண்டு பக்கங்களும் தனித்தனியாக இருந்தன. இரண்டாம் பக்கத்து எண்களைத் தொடர் எண்ணாக மாற்றி ஒன்றாக்கினேன். தம்புரா பெரும்பாலானவற்றில் இப்போது அறுபடுவதில்லை. வேவ் கோப்புகள் 60 கச்சேரிகளுக்கு மட்டுமே மிஞ்சியிருக்கின்றன. அவற்றை ஃப்ளாக்காக மாற்றத் தொடங்கியிருக்கிறேன்.

இன்று காலை தானாக வந்த கச்சேரியில் காம்போதி ராகம் பிரதானமாக இருந்தது. தனி ஆவர்த்தனம் முடிந்து, துக்கடாக்கள் முடிந்து, மங்களம் வரும்வரை அம்மா எழுந்திருக்கவில்லை.

ஒரு கேள்வி மீதம் இருக்கிறது. கேசட்டின் முதல் பக்கம் தீர்ந்துபோய் ஆலாபனை நடுவிலேயே நின்றுவிட்ட இடங்கள் பல உள்ளன. அந்த இடத்தில் ஒலியை மெல்ல இறக்கி ஏற்றுவது நல்லதா, அல்லது வெட்டு விழுந்தபடியே விட்டுவிடுவது நல்லதா?

அடையாறு வீணை

மூலக் கோப்பில் வெட்டை அப்படியே விடுங்கள், ஐயா. எங்கே எவ்வளவு விடுபட்டிருக்கிறது என்பது பின்னால் கேட்பவருக்குத் தெரிய வேண்டும். அதே கச்சேரியின் வேறு பதிவு எங்காவது கிடைத்தால் இணைக்கவும் அந்த இடம் வேண்டும். அம்மா கேட்கும் பிரதியில் மட்டும், ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு நிரலில் இரண்டு நொடிக்கு ஒலியை இறக்கி, அடுத்த பக்கத்தை இரண்டு நொடியில் ஏற்றிக்கொள்ளுங்கள்.